நான்காம் எண்ணில் இருந்த அப்பா

ஜூன் 3, செவ்வாய்

லாட்ஜ் வாசலில் ‘அனைத்து வசதிகளும் உண்டு’ என்று பலகை. உள்ளே வந்து பார்த்தால் மின்விசிறி, சுடுதண்ணீர், லிஃப்ட் எல்லாமே அணைத்த வசதிகள். வரவேற்பில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாடி. ஒரு கையில் கிட்டார், இன்னொரு கையில் என் காது.

பத்து நாளில் இது ஐந்தாவது ஊர். இதற்குப் பெயர் சுற்றுப்பயணமாம். தலைசுற்றுப் பயணம் என்று முழுப்பெயரையும் சொல்ல வேண்டியதுதானே? எங்களுக்குக் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. அக்காவே போன் போட்டு இடம் பிடிப்பாள், அக்காவே பாட்டு எழுதுவாள், அக்காவே பாடுவாள், அக்காவே போஸ்டர் ஒட்டுவாள். நான் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டுவேன். உட்கார்ந்திருக்கும் இடத்தை அடித்தே கைதட்டல் வாங்கும் ஆள் இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேன் ஓட்டுவார், ஒலி பார்ப்பார், மீதி நேரத்தில் பசிக்கிறது என்பார்.

பள்ளி முடிந்த கையோடு, ‘ஒரு வருஷம் அக்கா கூட போறேன்’ என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. வெளியே போய் வேனின் பிரேக்கைப் பார்த்தார். வேனுக்குள் உட்கார்ந்திருந்த அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

ஜூன் 4, புதன்

ஒரு கல்லூரி உணவகத்தில் கச்சேரி. ஏழு பேர் பாட்டு கேட்டார்கள், நாற்பது பேர் சாப்பாடு கேட்டார்கள்.

அக்காவின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். காலால் மிதித்தால், நாம் பதிந்து வைத்த சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். நான் வைத்த பெயர் கிளிப்பெட்டி. அதில் ஒன்பது எண்கள். நான்காம் எண்ணில் இருப்பது அப்பா.

அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஐந்து வருடம் முன்னால் ஒரு மத்தியானம், சாப்பாடு வரத் தாமதமாகி, மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஏழு தட்டு. ஏழாவது மட்டும் விழலாமா வேண்டாமா என்று யோசித்து, கொஞ்சம் இழுத்து விழும். அக்கா அவருக்குத் தெரியாமல் அதைப் போனில் பதிந்து, அதன்மேல் ஒரு பாட்டுக் கட்டினாள். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல பாட்டு அதுதான்.

அப்பாவும் அக்காவும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவள் ஆபீஸ் வேலையை விட்ட அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள். “பாடறது ஒரு வேலைன்னா, குளிக்கிறவன் எல்லாம் உத்தியோகஸ்தன்தான்” என்றார் அப்பா. நல்ல ஜோக். நான் சிரித்துவிட்டேன். அக்கா அந்த ஜோக்கையும் மறக்கவில்லை, என் சிரிப்பையும் மறக்கவில்லை. ஆனாலும் ஊர் ஊராக நான்காம் எண்ணை மிதிக்கிறாள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

ஆறு மணி நேரம் வேனில். சாப்பிட்ட களைப்பில் அக்கா தூங்கிப்போனாள். அவளுடைய குறட்டையில் சுதி சுத்தமாக இருக்கிறது. இப்பேர்ப்பட்ட வித்வத்தை உலகம் கேட்க வேண்டாமா? போனில் பிடித்துவிட்டேன். நாளைக்கு இருக்கிறது வேடிக்கை.

ஜூன் 7, சனி

எப்படி எழுதுவது?

சரி. நடந்ததை நடந்தபடி.

சாயங்கால நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலி சரிபார்க்கும் நேரம். அக்கா முகம் கழுவப் போயிருந்தாள். குறட்டையைக் கிளிப்பெட்டியின் நான்காம் எண்ணில் ஏற்றினேன். பழையதுமேல் புதியதைப் பதிந்தால் பழையது போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ‘எல்லாத்துக்கும் லேப்டாப்ல காப்பி வச்சிருக்கேன்’ என்று மாமா நூறு தடவை பெருமையடித்திருக்கிறார். சிரித்து முடித்ததும் திரும்ப ஏற்றிவிடலாம் என்று கணக்கு.

அக்கா வந்தாள், மிதித்தாள். அந்த அரங்கு முழுக்க, நாலு ஸ்பீக்கரிலும் குறட்டை. விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார். அக்காவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “எருமை! ஒழுங்கா பழையபடி ஏத்தி வை” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

“மாமா, நாலாம் நம்பர் லேப்டாப்ல இருக்குல்ல?”

“இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா?”

“பழைய லேப்டாப்ல. அதுமேலதான் போன வருஷம் மழைத்தண்ணி ஊத்துச்சே. ஏன் வாலு, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?”

அக்கா அதை முதலில் பதிந்த போன் பஸ்ஸில் தொலைந்து மூன்று வருடம்.

ஆக, எங்குமே இல்லை. அப்பாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் குறட்டையை வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் “கிளிப்பெட்டி மக்கர் பண்ணுது, நாலாம் நம்பர் மட்டும் ஓட மாட்டேங்குது, மாமா பாத்துத் தரேன்னார்” என்றேன். மாமா வாயைத் திறக்கப் போனார். கெஞ்சும் பார்வை ஒன்று வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மேடையில் அந்த ஏழு தட்டை என் மரப்பெட்டியில் நானே வாசித்தேன்.

முடிந்ததும் அக்கா சொன்னாள்: “சரியாத்தான் அடிச்ச. அந்த இழுப்பு மட்டும் வரலடி.”

ஜூன் 8, ஞாயிறு

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. வேனில் கால் தானாக ஆடுகிறது. ஜன்னலைத் திற, மூடு, திற. “உனக்கு என்ன, எறும்பு கடிக்குதா?” என்கிறாள் அக்கா. எறும்பு இல்லை. யானை.

ஜூன் 9, திங்கள்

வேறு ஊர், வேறு கட்டில், அதே நான். இன்றும் நானே தட்டினேன். “எப்பதான் சரியாகும் அந்தப் பெட்டி?” என்று அக்கா மாமாவிடம் கேட்டாள். “பாகம் வரணும்” என்றார் மாமா. பாவம், அவருக்குப் பொய் வராது. காது சிவந்துவிட்டது.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வாள்? அடித்தால் பரவாயில்லை. அடிக்க மாட்டாளே, அதுதான் பயம். இன்னொரு தடவை சிரித்துக் கெடுத்தேன் என்று ஆகிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

பெட்ரோல் பங்கில் நின்றபோது, கழிவறைக்குப் பின்னால் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“டயர்ல காத்து பாத்தீங்களா?” அப்பாவின் ‘ஹலோ’ இதுதான்.

“பாத்தாச்சு. அப்பா, சாப்பாட்டு மேஜையில கொஞ்சம் தட்டி எனக்கு அனுப்புங்களேன்.”

“ஏன், மேஜைக்கு என்ன?”

சொன்னேன். அந்த மத்தியானம், ஏழு தட்டு, அதன்மேல் கட்டிய பாட்டு. பதிவு தொலைந்துவிட்டது என்றும் சொன்னேன். யார் தொலைத்தது என்று சொல்லவில்லை. மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம்.

“அதை வச்சா பாடறா?”

“ஒவ்வொரு ஊர்லயும்.”

“இந்த ரெண்டு வருஷமுமா?”

“ஆமாம்பா.”

“அவதான் கேக்கச் சொன்னாளா?”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாய் என் அனுமதியைக் கேட்கவில்லை.

“ஆமாம்பா. அக்காதான் கேட்டா.”

ஜூன் 11, புதன்

காலை முதல் அப்பாவிடமிருந்து தட்டு வந்துகொண்டே இருக்கிறது. பதினொன்று.

முதலாவதில் தொண்டையைச் செருமி, “ஆரம்பிக்கலாமா?” என்று மேஜையிடம் அனுமதி கேட்கிறார். இரண்டாவதில் “ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணிக்கொண்டே தட்டுகிறார், கிளட்ச் விடச் சொல்லிக் கொடுப்பதுபோல. நான்காவதில் ஆறு தட்டுதான். ஐந்தாவதில் பின்னாலிருந்து அம்மா: “மேஜை ஒடைஞ்சா தரையில உக்காந்து சாப்பிடுங்க.” எட்டாவதில் கரண்டியால் தட்டுகிறார். ஒன்பதாவதில் ஏதோ விழுகிறது, பிறகு அப்பாவின் வாயில் ஒரு வார்த்தை, அதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்குத் தெரியாமல் செய்தார், தானாக வந்தது. இன்றைக்குத் தெரிந்து செய்கிறார், வர மாட்டேன் என்கிறது. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். பதினொன்றாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. அது கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. கடைசித் தட்டு முடிந்ததும், மிக மெதுவாக, “சரியா?” என்கிறார். என்னிடம் கேட்கவில்லை. அக்காவிடம்.

அந்தச் ‘சரியா’வை வெட்டிவிட்டு, மீதியை நான்காம் எண்ணில் ஏற்றினேன். அக்காவிடம், “பாகம் வந்துடுச்சு” என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

புத்தகக்கடையின் மாடி. முப்பது நாற்காலி, எல்லாவற்றிலும் ஆள். கடைக்காரர் தாமதமாகத் திறந்ததால் ஒலி சரிபார்க்க நேரமில்லை. நேராக மேடை.

நான்காம் பாட்டு. அக்கா மிதித்தாள்.

ஏழு தட்டு. பிறகு: “ச”.

நான் சரியாக வெட்டவில்லை. ‘சரியா’வின் முதல் துண்டு வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளிப்பெட்டிதான் சொன்னதையே சொல்லுமே. ஏழு தட்டு, ச. ஏழு தட்டு, ச. அப்பாவின் குரல்.

அக்கா முதல் வரியைப் பாடவில்லை. தலையைக் குனிந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து சுற்று போனது. மாமா கையைப் பிசைந்தார். நான் என் பெட்டியின்மேல், உலகத்திலேயே உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தேன். எல்லாருக்கும் தெரியும்படி, இறங்க வழியில்லாமல்.

ஆறாவது சுற்றில் பாடத் தொடங்கினாள். கடைசிவரை பாடினாள். ஒவ்வொரு ‘ச’வுக்கும் இடம் விட்டுப் பாடினாள். கேட்டவர்கள் அதுதான் பாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

வேனில் சாமான் ஏற்றிவிட்டு, பின்கதவைச் சாத்தாமல் உட்கார்ந்தாள்.

“இது எப்ப எடுத்தது?”

எல்லாவற்றையும் கொட்டினேன். குறட்டை, லேப்டாப், பாகம், போன். மூச்சுவிடாமல். எழுதும்போது வரிசையாக வருகிறது, சொல்லும்போது அப்படி வரவில்லை. அழுதேன்தான், எழுதினால் என்ன.

“நான் கேட்டேன்னா சொன்ன?”

“ஆமாம்.”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலக்கா. பதினோரு தடவை தட்டினார்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“பதினொண்ணையும் அனுப்பு” என்றாள். முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 14, சனி

பேசவில்லை. நாலு மணி நேரப் பயணம், அக்காவின் காதில் இயர்போன்.

ஜூன் 15, ஞாயிறு

பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை மாமா மூலமாக எனக்கு அனுப்புகிறாள், பாட்டில் அவள் மடியில் இருக்கிறது, நான் அவளுக்கு நேர் பின்னால் இருக்கிறேன். நிகழ்ச்சியில் நான்காம் பாட்டைத் தாண்டிப் போனாள்.

“வீட்டுக்குப் போயிடவா மாமா?”

“போ. மரப்பெட்டியை யார் தட்டுறது? நானா? எனக்கு என் வயித்தைத்தான் தட்ட வரும்.”

ஜூன் 16, திங்கள்

நிகழ்ச்சி இல்லாத நாள். துணி துவைக்கும் கடையில் எங்கள் உடுப்பெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களை மாதிரியே. அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். நான் துணி மடிப்பதுபோல நடித்தபடி காதை வாசலில் விட்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை: “ஏழாவது சீக்கிரம் விழுது.”

“…”

“இல்லப்பா. அவசரப்படறீங்க. ஸ்டூடன்ட் பிரேக் போட மறந்த மாதிரி தட்டறீங்க.”

“…”

“யாரு? நானா? நான் எப்ப பிரேக் போட மறந்தேன்? அந்தச் சுவரு தானா வந்துச்சு!”

பிறகு சண்டை. அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாள், இடித்த சுவர், அதற்கு யார் காரணம். மிஷின் நின்று, துணி காய்ந்து, நான் எல்லாவற்றையும் இரண்டு முறை மடித்து முடித்த பிறகும் சண்டை போய்க்கொண்டிருந்தது. குளியல் ஜோக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. குறட்டையைப் பற்றிச் சொல்லி அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

உள்ளே வந்து என் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கிக்கொண்டாள். “மடிச்ச லட்சணத்தைப் பாரு” என்றாள்.

மூன்று நாளில் முதல் வாக்கியம். எவ்வளவு இனிமையான வாக்கியம்!

ஜூன் 19, வியாழன்

பன்னிரண்டாவது வந்தது. அக்கா, ‘இன்னும் இல்லை’ என்று பதில் போட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

பதினான்காவது. இரண்டு பேரும் போனில் ஒரு மணி நேரம். பாதி தாளம், பாதி டயர். நான்காம் பாட்டை இப்போது வெறும் கிட்டாரோடு பாடுகிறாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் இல்லை.

ஜூலை 2, புதன்

அரங்குக்கு எதிரே டீக்கடை. பதினேழாவது வந்தது. பெஞ்சில் மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு, நடுவில் போனை வைத்துக் கேட்டோம்.

ஆறு தட்டு. ஏழாவது வரவில்லை… வரவில்லை… விழுந்தது.

என் முழங்காலில் என் விரலும் அதே நொடியில் விழுந்தது. எனக்குத் தெரியாதா? அத்தனை மேடையில் கேட்ட தட்டு. அதேதான். மயிரிழை பிசகவில்லை.

அக்கா மறுபடி ஒரு முறை போட்டாள். டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு அப்பாவுக்குப் பேசி அனுப்பினாள்: “ஏழாவது இன்னும் சரியில்லப்பா. நாளைக்கு மறுபடி பாருங்க.”

“அடடே, எனக்குச் சரியாத்தானே கேட்டுச்சு?” என்று மாமா ஆரம்பித்தார்.

பெஞ்சுக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். நன்றாக, குதிகாலால்.