இடம் வலம் மாறிய பிரபு

பாண்டுங்
9 மே 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

நிங் எழுதுகிறேன். இங்கே நலம். பரீட்சை முடிந்து தாள் திருத்துகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய மரவள்ளி வறுவலில் பாதி பஸ்ஸிலேயே தூளாகிவிட்டது, மீதியைப் பக்கத்து அறைக்காரி தின்று தீர்த்தாள்.

அம்மா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பள்ளிக்கு எதிரே புதிதாக ஒரு காபிக்கடை திறந்திருக்கிறார்கள். அதன் சுவரில் என் உயரத்துக்கு, துணியில் அச்சடித்த பழைய புகைப்படம் ஒன்று. இடுப்பில் பாத்திக் துணி சுற்றி, தலைப்பாகை வைத்து, நாற்காலியில் கையூன்றி ஒருவர் நிற்கிறார். கீழே ‘துமெங்குங் சோஸ்ரோகுசுமோ, 1884’ என்று போட்டிருக்கிறது. அப்பாவின் கொள்ளுத்தாத்தா, துமெங்குங் பிரபுவேதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, நீங்கள் அரிசிக்காகப் பழைய சாமான் சந்தையில் விற்றீர்களே, அந்தப் படம். ஓரத்தில் நீங்கள் சொன்ன மழைக்கறைகூட அப்படியே இருக்கிறது.

கடைக்காரம்மா என்னைக் கேலி செய்கிறாள். “என்ன டீச்சர், வாராவாரம் வந்து இவரையே பார்க்கிறீங்க, கல்யாணம் பேசி முடிச்சிரவா?” என்றாள். எங்கே வாங்கியது என்று கேட்டேன். “மேசை நாற்காலி வாங்கினப்ப கூடவே தலையில கட்டினான். பழைய காலத்துப் பெரிய மனுசரை மாட்டினா காபிக்கு ரெண்டு மடங்கு விலை சொல்லலாமாம்” என்றாள். படம் மூன்று அளவில் கிடைக்கிறதாம்.

அறுபத்தைந்தில் கம்யூனிஸ்ட் என்று சொல்லி ராணுவத்தார் அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும், சோதனைக்குப் பயந்து அவர் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டீர்கள். அப்போது நான் வயிற்றில். இந்த வயது வரைக்கும் எனக்கு அப்பாவின் முகம் தெரியாது. “உங்கப்பா துமெங்குங்கை அப்படியே உரிச்சு வெச்சிருப்பார்” என்று நீங்கள் சொல்லிவந்தது மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அந்தக் கடையில் காபி ஆறும்வரை அழுதேன்.

ஒரு படம் வாங்கி உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அப்பா முகம் இப்படித்தானா என்று பார்த்ததும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
நிங்


சோலோ
2 ஜூன் 2004

என் அன்பு நிங்,

படம் பத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிதாக அனுப்பினால் எங்கே வைப்பேன், சொல். தையல் மெஷினை நகர்த்தி அதற்கு இடம் பண்ணினேன்.

பக்கத்து வீட்டுப் பைனெம் வந்தாள். வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “யாரு அக்கா இந்தப் பெரியவரு? பொம்பளை மாதிரியில்லே துணி சுத்தியிருக்காரு” என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஆண்பிள்ளை சுற்றுகிற பக்கம் வேறு, நாம் சுற்றுகிற பக்கம் வேறு அல்லவா? அச்சடித்தவன் படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டான். மழைக்கறையும் பக்கம் மாறித்தான் இருக்கிறது. ஊரை ஆண்ட மனிதரைப் பெண்பிள்ளையாக்கி ஊர் முழுக்க மாட்டியிருக்கிறார்கள். கல்யாணம் பேசும்முன் யோசித்துக்கொள்ளச் சொல் உன் கடைக்காரியை.

மழை நின்ற பிறகும் கூரை ஒழுகுகிறது. கல்யாண வீட்டுக்காரர்கள் ரவிக்கை தைக்க நிறையக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
சுகாப்தி


பாண்டுங்
20 ஜூன் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அப்பா முகத்தைப் பற்றிக் கேட்டால் கூரை ஒழுகுவதை எழுதுகிறீர்கள்.

இங்கே டார்சோ என்று ஒரு ஓவியர் இருக்கிறார். துமெங்குங்கை வைத்தே அப்பாவை வரைந்து தருகிறேன் என்கிறார். “தலைப்பாகையை எடுத்துடுவோம், மீசையை எடுத்துடுவோம், வாத்தியார் சட்டை போட்டுடுவோம். மத்ததை உங்கம்மா சொல்லட்டும், பார்த்தவங்க அவங்கதானே” என்றார். படத்தை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடியுங்கள் அம்மா. இடம் வலம் சரியாகிவிடும். அதைப் பார்த்து எழுதுங்கள். மூக்கு இதேதானா, கொஞ்சம் சின்னதா? காது எப்படி? சிரித்தால் பல் தெரியுமா?

நோன்புக்கு முந்தைய ருவா மாதம் வந்தால் எல்லாரும் கல்லறையைக் கழுவிப் பூப்போடுகிறார்கள். நாம் அப்பாவைப் புதைத்த இடம் எது என்று தெரியாமல் ஆற்றில் போடுகிறோம். இந்த வருடமாவது ஒரு முகத்தின் முன்னால் போடுவோம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிங்


சோலோ
11 ஆகஸ்ட் 2004

என் கண்ணே நிங்,

தாமதத்துக்கு மெஷின்மேல் பழி போடலாம் என்றிருந்தேன். வேண்டாம்.

நீ சொன்னபடி படத்தைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன். துணி சரியாயிற்று. துமெங்குங் எங்கள் கூடத்தில் இருந்தது போலவே நின்றார். பக்கத்தில் நரைத்த தலையோடு நான். வெகுநேரம் பார்த்தேன். அவரில் உங்கப்பாவைத் தேடினேன், கிடைக்கவில்லை.

உங்கப்பா போன பிறகு என்னிடம் ஒரு படமும் இல்லை. சுவரில் இவர் இருந்தார். இதே முகம்தானே என்று தினமும் இவரையே பார்த்தேன். உனக்குப் பால் கொடுக்கும்போதும் இவரைத்தான் பார்த்தேன். படத்தை விற்றபோதுகூட நான் கலங்கவில்லை, மனதில் பதிந்துவிட்டது என்று நினைத்தேன். பதிந்தது இவர் முகம் நிங். கண்ணை மூடினால் தலைப்பாகையும் மீசையுமாக, சிரிக்காமல் ஒருவர் வருகிறார். உங்கப்பா தலைப்பாகை வைத்ததே இல்லை. எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சிரிப்பு எப்படியிருந்தது என்று தெரியவில்லை. காதும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எடுத்தது போக எனக்கென்று ஒரு முகம் மிச்சமிருந்தது. அதையும் நான் தொலைத்துவிட்டேன். ஓவியரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பலாம், அவரும் வரைவார், நீயும் அப்பா என்று நம்புவாய். அதற்கு மனம் வரவில்லை.

படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

உன் அம்மா,
சுகாப்தி


சோலோ
29 நவம்பர் 2004

என் அன்பு நிங்,

ருவா மாதமும் போயிற்று, நோன்புப் பெருநாளும் போயிற்று. ஆற்றில் நான் மட்டும் பூப்போட்டேன். பெருநாளுக்குத் தேங்காய்ப்பால் கோழி செய்து உன் தட்டையும் வைத்தேன். பைனெம் பேரப்பிள்ளைகள் வந்து சாப்பிட்டார்கள்.

போன் கடைக்குப் போய் உன் பள்ளிக்கு மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் “டீச்சர் வகுப்புல இருக்காங்கம்மா” என்றார்கள். பெருநாள் விடுமுறையில்கூட வகுப்பு வைக்கிறார்கள் போலிருக்கிறது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு முகத்தைக் காட்டிவிட்டு, அதையும் பிடுங்கிக்கொண்டேன். எனக்கே என்மேல் அந்தக் கோபம் தீரவில்லை.

நேற்று தைத்துக்கொண்டிருந்தபோது உன் முகத்தை நினைத்தேன். புருவம் வந்தது, பல்வரிசை வந்தது. மச்சம் வந்தபோது கை நின்றுவிட்டது. உன் கன்னத்து மச்சம் இடப்பக்கமா, வலப்பக்கமா? பைனெமிடம் கேட்க வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் உன் படம் ஒன்றுகூட இல்லை. படம் வைத்திருக்கப் பயந்தே பழகிப்போனேன்.

இதைப் படித்துவிட்டுப் படம் அனுப்பிவிடாதே நிங். நீ வா.

உன் அம்மா,
சுகாப்தி