வாணவேடிக்கை முடியட்டும் என்றிருந்தேன்

என் அருமை அக்காவுக்கு,

இன்று காலை கண் விழித்ததும் முதலில் செய்தது, போர்வைக்குள்ளேயே இடது மார்பைத் தடவிப் பார்த்ததுதான். கட்டி அங்கேயேதான் இருக்கிறது, புளியங்கொட்டை அளவில். இரவோடு இரவாகக் கரைந்துவிடும் என்று எதை வைத்து நம்பினேனோ.

நேற்று மாலை இவரும் மகள் துளசியும் நானும் ஆல்ஸ்டர் ஏரிக்குப் போனோம். ஹம்பேர்க்கில் வாழும் ஜப்பானியர்கள் வசந்தத்தில் நடத்தும் செர்ரிப்பூ விழா. நீங்கள் டோர்ட்மண்டிலிருந்து வந்தபோதெல்லாம் மழை. ஒருமுறைகூட உங்களைக் கூட்டிப்போக முடியவில்லை. புல்வெளி முழுக்கப் பாய் விரித்த சனம். கிமோனோ உடுத்த பெண்களைத் துளசி தன் சின்னக் கமராவால் படமெடுத்துத் தள்ளினாள். பெரிய மேளங்களின் அதிர்வு நெஞ்சுக்குள் இறங்கியது. வேறொரு நாளென்றால் ரசித்திருப்பேன்.

துளசி சுடச்சுட ஒரு பலகாரம் வாங்கி வந்தாள், உருண்டை உருண்டையாக. போண்டா என்று நினைத்து வாயில் போட்டுவிட்டேன்.

"அம்மா, உள்ளுக்கை எட்டுக்கால் பேய்க்கணவாய்!"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ! முதலே சொல்லமாட்டியோ?"

"ஜப்பான்காரருக்கு வெள்ளியும் இல்லை, விரதமும் இல்லை. விழுங்கும்," என்றார் இவர்.

"பெரியம்மா எண்டால் இன்னொண்டு கேட்டிருப்பா," என்றாள் துளசி. மூவரும் சிரித்தோம். பிறகு துளசி மிச்சத்தில் ஒன்றை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தாள்.

இருட்டியதும் ஏரிக்கு மேலே வாணவேடிக்கை. முதல் வெடிக்கு வழக்கம்போல என் தோள் குறுகியது. துளசி என்மீது சாய்ந்தாள், சரியாக அந்தப் பக்கம். நோகவில்லை. நோகாதது நல்லதா, கெட்டதா? உங்களுக்கு நொந்ததா, அக்கா?

"அரங்கேற்றத்துக்குப் பெரியம்மான்ர அட்டியலைத்தான் போடுவன்," என்றாள் காதுக்குள். ஆவணியில் அவளுடைய நடன அரங்கேற்றம். மண்டபம்கூடப் பிடித்தாயிற்று.

மகனின் கலியாணம் முடியட்டும், நல்ல காரியத்துக்கு முன் கெட்டதைப் பேசக்கூடாது என்று நீங்கள் உங்கள் கட்டியை ஒருவருக்கும் சொல்லவில்லை. கலியாணம் வடிவாகத்தான் நடந்தது. அதன் பிறகு டொக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, உங்களைப் பறிகொடுத்தோம். நானும் இந்த விழா முடியட்டும் என்றுதான் இருந்தேன். கடைசி வாணம் அணைவதற்குள் மனம் அரங்கேற்றம் முடியட்டும் என்று தாவிவிட்டது.

இனித் தாவ விடமாட்டேன். இவருக்கும் தெரியாது, துளசிக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை டொக்டரிடம் போகிறேன். முன்கூட்டியே டேர்மின் எடுக்காமல் வந்தால் பார்க்க மாட்டோம் என்றாலும், பார்க்கும்வரை அங்கேயே இருப்பேன். அந்த அட்டியலை அவள் கழுத்தில் பூட்ட நான் இருக்க வேண்டும், அக்கா.

உங்களுக்கு அடுத்துப் பிறந்தவள்,
தங்கை வசந்தி