முனியாண்டி முன்னால் நீங்கள் அணைத்த கற்பூரம்

அத்தை,

நேற்று ஈப்போ சந்தையில் வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஒரு படம். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தாய்லாந்து எல்லைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் வயசாளிகள் வரிசையாக நின்று வலது கையைத் தூக்கியிருக்கிறார்கள். மாமன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி சொன்னால் மன்னிப்பு உண்டாம், வீடு திரும்பலாமாம். எண்ணெய் பட்டு அவர்கள் முகமெல்லாம் மங்கியிருந்தது. எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

என் அப்பாவும் அப்படிக் கை தூக்கியவர்தானே. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குள் போனவர். எழுபதுகளில் சரணடைந்து, கொஞ்ச காலம் தடுப்புக்காவலில் இருந்து, போலீஸ் நிலையத்தில் மலாயில் உறுதிமொழி சொல்லிவிட்டு, சித்தியவான் சாலையில் இருந்த நம் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பினார். அரசாங்கம் அவரை விட்டுவிட்டது. தோட்டம் விடவில்லை.

உங்கள் கணவர் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணி. அப்பா காட்டுக்குப் போன சில நாளிலேயே, நீங்கள் பிரசவத்துக்கு லகாட் ஊருக்குப் போயிருந்த சமயம், காட்டுக்காரர்கள் அவரைச் சுட்டுப் போட்டார்கள். கைப்பிள்ளையோடு திரும்பிய நீங்கள் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினீர்கள். முதலில் வெள்ளிக்கிழமை தோறும், பிறகு நினைத்தபோதெல்லாம். உங்கள் வாய்க்குத் துரை வீட்டு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். "ஒங்க வம்சம் வெளங்காது" என்று ஆரம்பித்தால் அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். உங்கள் சாபத்துக்குப் பயந்து என்னைப் பெண் கேட்டுக்கூட யாரும் வரவில்லை.

அப்பா வந்த வாரமே தோட்டத்துப் பெரியவர்கள் கூடினார்கள். கங்காணி சாவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று முனியாண்டி முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்து அவர் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் லயத்தில் இருக்கலாம். இல்லையென்றால் நாங்கள் மூவரும் அன்றே வெளியேற வேண்டும். அம்மா அப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். எங்களுக்குப் போக்கிடமும் இல்லை.

கோயில் தலைவர் தட்டை நீட்டினார். "போலீசுல கையத் தூக்குன மாதிரி இல்லலா இது. சாமி பார்த்துக்கிட்டு இருக்கு. அணைங்க."

அப்பா கையை நீட்டவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. அது தானாக எரிந்து தீர்ந்தால் அவர் குற்றவாளி என்றுதான் கணக்கு. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

அப்போதுதான் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். அப்பாவை அறையப் போகிறீர்கள் என்றே நினைத்தேன். "இனிமே இந்தக் குடும்பத்த வாயத் தொறந்து சபிக்க மாட்டேன். முனியாண்டி மேல சத்தியம்" என்று சொல்லி, உள்ளங்கையால் பொத்தென்று அந்த நெருப்பை அணைத்தீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவளே சத்தியம் செய்த பிறகு வேறு யாரிடம் சத்தியம் கேட்பது? தலைவர் தட்டோடு உள்ளே போய்விட்டார். நாங்கள் தோட்டத்திலேயே இருந்தோம். மறுவருஷம் எனக்குக் கல்யாணமும் ஆனது.

நீங்கள் மன்னித்துவிட்டதாக அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அப்பாவைக் கண்டால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வீர்கள். கழுத்து நரம்பு புடைக்கும். ஆனால் ஒரு வார்த்தை வராது. மன்னிப்பதைவிட அது கஷ்டமான வேலை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அப்பா இறந்த பிறகு உங்களைத் தேடி சிம்பாங் பூலாய்க்கு வந்தேன். மகள் வீட்டில் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அத்தை, அப்பா சாவுறதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொன்னாரு."

"சொல்லாத புள்ள." உங்கள் கத்தி நிற்கவில்லை. "கைய நீட்டாம நின்னாருலா, அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் அத்தை அணைச்சீங்க?"

"பொய்ச் சத்தியம் பண்ணியிருந்தா நானே கழுத்த நெரிச்சிருப்பேன். அந்த மனுசன் பண்ணல. ஒங்கம்மா வேற அங்க நடுங்கிக்கிட்டு நிக்கிறா. அவ எங்க போவா?" நறுக்கியதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "தெரிஞ்சது உள்ளயே கெடக்கட்டும். ஒன் வாயால கேட்டுட்டா என் வாய் சும்மா இருக்காது. சத்தியம் போயிரும். சாப்புட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

போன மாதம் நீங்களும் போய்விட்டீர்கள். வந்தவர்கள் நல்ல சாவு என்றார்கள். அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. எங்களுக்காக எவ்வளவு பேச்சை விழுங்கினீர்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

நீங்கள் கேட்க மறுத்தது மட்டும் என்னிடமே கிடக்கிறது, அத்தை. இனி உங்களைக் கட்டிவைக்கும் சத்தியம் எதுவும் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். சுட்டது அப்பா இல்லை. ஆனால் அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது அவர்தான். வாசலில் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டதும் அவர்தான். தெரிந்த குரல் என்றுதான் உங்கள் கணவர் கதவைத் திறந்திருக்கிறார்.

திட்டுவதென்றால் இனித் திட்டுங்கள். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.