இடது காலுக்கு வேலையில்லாத கார்

6 பிப்ரவரி 2012, திங்கள். செம்மண்டலம்.

காலையில் நல்ல பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. விடிந்ததும் கரண்ட் போனது, வந்தது, குளிக்கப் போகும்போது திரும்பவும் போனது. புயலில் சாய்ந்த வேப்பமரம் இன்னும் காம்பவுண்டு ஓரத்திலேயே. வெட்ட வருகிறேன் என்றவன் ஆளையே காணோம்.

கட்டைக்கால் மாட்டி வாசல் வரை நடந்தேன். முட்டிக்குக் கீழே தேய்க்கிறது. புதுச் செருப்பு மாதிரி, பழகிவிடும் என்கிறான் செய்து கொடுத்தவன். அவனுக்கு இரண்டு காலும் இருக்கிறது. சொல்லத்தான் செய்வான்.

இன்றைய முடிவு: கார் வாங்குவது. பழசு. ஆட்டோமேட்டிக். பேச்சை எடுத்தது என் மனைவி விசாலம்தான். கிளட்ச் இல்லாத வண்டிக்கு வலது கால் ஒன்று போதும் என்று எனக்கே எடுத்துச் சொன்னாள். எனக்கு! கடலூரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்தவன் நான். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி இருபத்தைந்து வருஷம். படிக்கிறவன் ஸ்டியரிங்கில், நான் இடது சீட்டில், என் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். சர்க்கரை வந்து அந்த இடது காலையே கொண்டுபோனது. டிரைவிங் ஸ்கூலை விற்றாகிவிட்டது.

ஆட்டோமேட்டிக்கை நான் வண்டி என்று மதித்ததே இல்லை. பொம்மை கார் என்பேன். இப்போது பொம்மைக்கு அலைய வேண்டும். பரவாயில்லை. ஓட்டினால் போதும். பதினாலு மாதமாக ஆட்டோவில் மூட்டை மாதிரி ஏற்றி இறக்குகிறார்கள்.

கண்டிப்பாக வேண்டியது:
– ABS பிரேக், சடனாக மிதித்தாலும் வழுக்காமல் நிற்க. இல்லை என்றால் பேச்சே வேண்டாம்.
– பவர் ஸ்டியரிங்.
– டிரைவர் சீட் நன்றாகப் பின்னால் தள்ள வேண்டும். கட்டைக்காலுக்குக் கணுக்கால் மடங்காது.
– பின் கண்ணாடிக்கு வைப்பர்.

இருந்தால் சரி: ஏர்பேக். சென்ட்ரல் லாக்.

வேண்டவே வேண்டாம்: அலாய் வீல், லெதர் சீட், டிவி, அடியில் எரிகிற நீல லைட்.

சில வண்டிகளில் இடது கால் வைத்துக்கொள்ளத் தனியாகச் சின்ன மேடை உண்டாம். அது வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்கட்டும்.

8 பிப்ரவரி, புதன்

முட்டியில் கொப்புளம். வி.தான் மருந்து போட்டாள்.

புரோக்கர் ஒரு வண்டி கொண்டுவந்தான். டாக்டர் வீட்டு வண்டியாம். எல்லாப் பழைய காரும் டாக்டர் வீட்டு வண்டிதான். நான் வேண்டாம் என்று எழுதியது அத்தனையும் அதில் இருந்தது. டிவிகூட. ABS இருக்கிறதா என்றேன். "ஸ்பீக்கர் சூப்பரா இருக்கும் சார்" என்றான்.

குடிகாடு வரை போய் வரச் சொன்னேன். நான் பக்கத்து சீட்டில். பழைய கார் பார்க்கிற எவனும் இதைச் செய்ய வேண்டும். கெமிக்கல் கம்பெனிகளின் காற்று அடிக்கிற இடத்தில் கண்ணாடியை ஏற்றினால், கதவு ரப்பர் எப்படி என்று மூக்கே சொல்லிவிடும். சொன்னது. ரப்பர் போய்விட்டது.

திரும்பும்போது ஒரு வேகத்தடை. புரோக்கர் பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்ச் என்று நினைத்து ஒரே மிதி. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் இருப்பது பிரேக், அதுவும் அகலமாக. வண்டி அறைந்தாற்போல் நின்றது. என் நெற்றி முன்னால் இடித்தது. இடது காலைச் சும்மா வைக்கத் தெரியாதவனெல்லாம் ஆட்டோமேட்டிக் விற்கிறான். நன்றாகத் திட்டினேன். ரொம்ப நாள் கழித்து ஒருத்தனைத் திட்டியதில் உடம்புக்குச் சுகமாக இருந்தது.

11 பிப்ரவரி, சனி

சிதம்பரத்திலிருந்து மச்சான் கணேசன், வி.யின் தம்பி. மேலவீதியில் செல்போன் கடை. கார் என்றால் அவனுக்கும் செல்போன் மாதிரிதான், எத்தனை பட்டன் என்று எண்ணுவான். ரிவர்ஸில் சத்தம் போடுகிற சென்சார் அவசியம் வேண்டும் மாமா என்றான். எனக்கெதற்கு? பின்னால் திரும்பிப் பார்க்கத் தெரியாதவனா நான்? சைடு கண்ணாடி உள்ளேயிருந்தே திருப்புகிற மாதிரி வேண்டுமாம். ஸ்டியரிங் ஒரு விரலில் சுற்ற வேண்டுமாம்.

வி. காபி கொண்டுவந்தவள் நின்று கேட்டாள்: டிரைவர் சீட்டை மேலே ஏற்றுகிற மாதிரி சில வண்டியில் வருமாமே, அது கிடைக்குமா? ஏற்றினால் என் தலை கூரையில் முட்டும். ஏறி இறங்க எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கேட்கிறாள் போல. கால் போனதிலிருந்து எல்லாருக்கும் என் மேல் ஒரே கரிசனம். எரிச்சலாக வருகிறது.

கணேசனுக்கு மீன் குழம்பு. எனக்குக் கோதுமை தோசை.

15 பிப்ரவரி, புதன்

பரங்கிப்பேட்டை. நானும் வி.யும் ஆட்டோவில். வெயில் ஆரம்பித்துவிட்டது.

இந்த ஜில்லாவில் ஆட்டோமேட்டிக் உண்மையாகவே டாக்டர் வீட்டில் இருக்கும், இல்லையென்றால் பரங்கிப்பேட்டையில். ஜலால் பாய் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். கார் ஓட்டக் கற்றதே அங்கே, ஆட்டோமேட்டிக்கில். கியர் போடத் தெரியாது என்று வெட்கமில்லாமல் சொன்னார். மகன் மலேசியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டதால் விற்கிறார். சீட்டில் ஷோரூம் பாலித்தீனைக்கூடக் கிழிக்கவில்லை. உட்கார்ந்தால் சரக் சரக் என்றது.

ABS உண்டு. ஏர்பேக் ஒன்று. பின் வைப்பர் உண்டு. சீட் நன்றாகப் பின்னால் போகிறது, மேலேயும் ஏறுகிறது. சைடு கண்ணாடி பட்டனில். கதவு ரப்பர் புதுசு மாதிரி. அலாய் இல்லை, டிவி இல்லை. எனக்கென்றே செய்தது.

"ஓட்டிப் பாருங்க மாஸ்டர்" என்றார் பாய். அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

லீவரை D-யில் போட்டுப் பிரேக்கை விட்டேன். தானாக நகர்ந்தது. புதுச்சத்திரம் ரோட்டில் நாற்பது, ஐம்பது. காற்று. பாய் பக்கத்தில், வி. பின்னால். ஒரு பத்து நிமிஷம் நான் நானாக இருந்தேன்.

அப்புறம் ஓர் ஆடு. வலது கால் சரியாகப் பிரேக்குக்குத்தான் போனது. இடதும் போனது. கிளட்சைத் தேடி. கட்டைக்காலுக்கு என்ன தெரியும், தொடை சொன்னதைச் செய்தது. அகலப் பிரேக்கில் ஏறி, பெடல் இடுக்கில் மாட்டிக்கொண்டு எடுக்க வரவில்லை. கையால் பிடித்து இழுத்துத்தான் எடுத்தேன். வி. முன்சீட்டில் மோதினாள். பின்னால் வந்த பைக் பம்பரில் உரசியது.

பைக்காரன், இருபது வயது இருக்கும்: "யோவ் பெருசு, ஓட்டத் தெரியலன்னா ஊட்ல கெடக்க வேண்டியதான?"

பாய்தான் இறங்கிப் போய்ச் சமாதானம் செய்தார். துபாயில் புதிதாக வருகிறவர்களுக்கும் இதே கஷ்டம்தானாம். இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்வார்களாம். இது மடங்காது பாய் என்றேன். அவர் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்.

16 பிப்ரவரி, வியாழன்

வண்டி வேண்டாம் என்று கணேசனுக்குப் போன் செய்தேன். வண்டி நல்ல வண்டி, நான்தான் சரியில்லை என்றேன்.

"நீங்க ஏன் மாமா கவலப்படுறீங்க. அக்காதான ஓட்டப்போவுது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. போனை வைத்துவிட்டான்.

வி.யைக் கூப்பிட்டேன். மறைக்கவில்லை. அம்மா வீட்டுக்கு என்று சிதம்பரம் போன ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றிருக்கிறாள். லைசென்ஸே கையில் இருக்கிறது. ஆனால் கிளட்ச் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை, டிராபிக்கில் வண்டி அணைந்துவிடுகிறது. அதனால் ஆட்டோமேட்டிக்.

அப்போதுதான் விளங்கியது. ரிவர்ஸ் சத்தம் அவளுக்கு. லேசான ஸ்டியரிங் அவளுக்கு. உயர்கிற சீட் அவளுக்கு, ஐந்தடிக்கும் குறைவு. நான் எனக்கு ஒரு கார் தேடிக்கொண்டிருந்தேன். இவர்கள் என்னை வைத்து அவளுக்கு ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார்கள். பழைய கார் பார்க்கத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் எதற்கு?

மாஸ்டர் பெண்டாட்டி இன்னொருத்தனிடம் போய்க் கற்றிருக்கிறாள். அவன் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தானோ.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"மூணு தடவ கேட்டேங்க. சிரிச்சிங்க."

எனக்கு ஞாபகமில்லை. சிரித்திருந்தால் சும்மா சிரித்திருப்பேன். அதற்காக இப்படியா?

ராத்திரி சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும்.

19 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று நாளாகப் பேச்சில்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, தட்டு போகிறது.

ஒரு யோசனை. கட்டைக்கால் இருந்தால்தானே பிரேக்கில் ஏறும்? கழற்றிவிட்டால்?

பாய்க்குப் போன் செய்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். கேட்காமலே வி.யும் ஏறிக்கொண்டாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பெல்ட்டை அவிழ்த்துக் காலைக் கழற்றினேன். பக்கத்து சீட்டில் வி. வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், குழந்தையை வைத்திருக்கிற மாதிரி. பாய் வரவில்லை, நான் கூச்சப்பட வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

மெயின் ரோடு வரை போய் வந்தேன். பஸ், லாரி, மாடு, எல்லாம் வந்தது. ஒரு பிசகு இல்லை. தொடை ஒருமுறை துடித்தது, அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை.

பார்த்தாயா என்றேன். மூன்று நாள் கழித்து முதல் வார்த்தை.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா, இன்னொரு வாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல உக்கார என்னால முடியாதுங்க." மடியில் இருந்ததைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவளுக்கே தெரியாமல் தடவியிருப்பாள்.

வண்டியை விலை பேசி முடித்தாகிவிட்டது. யார் ஓட்டுவது என்று இருவரும் பேசவில்லை. லைசென்ஸ் விஷயமாக எனக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமாம். சொல்லி வைத்திருக்கிறேன்.

2 மார்ச், வெள்ளி. சிதம்பரம்.

ராகு காலத்துக்கு முன்பே பூஜை. வி. வீட்டு வழக்கம், எந்த வண்டி வாங்கினாலும் கீழவீதியில் படைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேரோடுகிற நாலு வீதியும் ஒரு சுற்று. பழைய வண்டிக்கும் அதேதான். கணேசன், அவன் பெண்டாட்டி, மாமியார், பக்கத்துக் கடைக்காரர்கள், எனக்குப் பெயர் தெரியாத நாலைந்து பேர். பாலித்தீனைக் கிழித்துவிட்டார்கள். மாலை, சந்தனம், பொட்டு.

அர்ச்சகர் வண்டியை எடுக்கச் சொன்னார். கணேசன் சாவியை வி.யிடம் நீட்டினான். நான் குறுக்கே கை வைத்து வாங்கிக்கொண்டேன். 

ஏறி உட்கார்ந்தேன். பூஜை என்பதால் கதவெல்லாம் திறந்து கிடந்தது. சாத்த முடியாது, கதவுக்கு மாலை கட்டியிருந்தார்கள். வேட்டியை ஏற்றி, அத்தனை பேர் முன்னால் காலைக் கழற்றினேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கோபுரத்தைப் பார்த்தார்கள். தினமும் அதே கோபுரத்தின் கீழே கடை வைத்திருக்கிறவர்கள். வி. மட்டும் பார்த்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டாள். துண்டு இல்லை. முந்தானையில் சுற்றினாள்.

மாலையை அவிழ்த்துக் கதவுகளைச் சாத்தினார்கள். பழம் நசுங்கியது. கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. வெள்ளிக்கிழமைக் கூட்டம், பூக்காரிகள், சைக்கிள், சுற்றுலா பஸ். ஒரு உரசல் இல்லை, ஒரு ஹாரன் இல்லை. இவ்வளவு சுத்தமாக நான் ஸ்கூல் வைத்திருந்தபோதுகூட ஓட்டியதில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்து நிறுத்தினேன்.

கணேசன் கதவருகே வந்து குனிந்தான். நல்ல மரியாதையோடு, சின்னச் சிரிப்போடு:

"ஆச தீந்துதா மாமா?"

கையை நீட்டினான். சாவிக்கு.

கொடுத்தேன். கொடுக்காமல் அங்கே ஒரு சண்டை போட்டிருக்கலாம். ஒற்றைக் காலோடு உட்கார்ந்துகொண்டு என்ன சண்டை போடுவது?

வரும்போது ஓட்டியது வி. சீட்டை நன்றாக ஏற்றிக்கொண்டாள். நான் காலை மாட்டிக்கொண்டு இடது சீட்டில். என் பக்கம் பெடல் ஒன்றும் இல்லை. கடலூர் வரை ஒரு குறை சொல்ல இடமில்லை. அதுதான் தாங்கவில்லை.

5 மார்ச், திங்கள்

கரண்ட் இல்லை. மரம் வெட்டுகிறவன் வந்து பாதி வெட்டிவிட்டு மிச்சம் நாளைக்கு என்று போனான். டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். எந்த அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

வி. தனியாகக் கார் எடுத்தாள். முதல் தடவை. திருப்பாதிரிப்புலியூர் வரை, மளிகைக்கு. நீங்களும் வாங்க என்றாள். வரவில்லை என்றேன். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

கேட்டைத் திறந்துவிட்டேன். வண்டி பின்னால் வந்தது. பின்னால பாத்து எடு, லெப்ட்ல ஒடி, ஒடி, போதும், என்று சொல்லிக்கொண்டே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை ஏற்றியிருந்தாள். ஒன்றும் கேட்டிருக்காது. சரியாகத்தான் ஒடித்துக்கொண்டு போனாள்.

கேட்டைச் சாத்தினேன்.