அதே எண், வேறு நிறம்

செவ்வாய், இரவு

இனி யாரிடம் பிலிம் வாங்கிக் கடையை நடத்துவது? எனக்குத் தெரியவில்லை.

அன்வர் பாயின் துணிக்கடைக் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டியது நாங்கள்தான். எது உடைந்தாலும் அதே நிறத்தில் மாற்றித் தருவோம் என்று சொல்லியிருந்தேன். கள்ளக்குறிச்சியில் எங்களை நம்பி வருவதே அதற்காகத்தான். போன வாரம் ஒரு கண்ணாடி உடைந்தது. பிலிமின் பழைய எண்ணைச் சொல்லிச் சேலத்திலிருந்து சுருள் வரவழைத்தேன். பகலில் பஸ் புழுதி படியும் என்பதால், வழக்கம்போல் நேற்று விளக்கு போட்ட பிறகுதான் என் கணவர் ஒட்டினார். டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

இன்று காலை வெயிலில் பாய் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாம்மா இது, ஒண்ணு மட்டும் அடி வாங்கின கண்ணு மாதிரி ஊதாவா இருக்குது? உள்ள இருக்குற பச்சைப் பொடவை கருப்பாத் தெரியுது. படிச்சவங்க கடைன்னு நம்பினேன்."

சேலம் டீலரைக் கேட்டேன். "நீங்க வாங்குற கம்பெனியும் இன்னொரு பிலிம் கம்பெனியும் ஒண்ணாயிடுச்சுங்க மேடம். நம்பர் பழசு, சரக்கு அவங்களுது. பழைய சரக்கு இனிமே வராது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எங்களுக்கே சொல்லலீங்க."

ஊரில் நாங்கள் ஒட்டிய மற்ற கண்ணாடிகள் உடைந்தால்... என் கணவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

புதன்

பாய் கூப்பிட்டதால், ஒன்றாகிவிட்ட அந்தக் கம்பெனியின் சொந்த ஷோரூமிலிருந்து வேன் வந்தது. எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே நிறத்தில் புதிதாக ஒட்ட, எங்கள் பிலிம் அத்தனையையும் உரித்தார்கள். இவரும் போய்க் கூட நின்று உரித்துக் கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது அவர்களில் ஒருவன், "கீறல் இல்லாம உரிக்கிறீங்களே அண்ணே, எங்ககிட்ட சம்பளத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டானாம்.

எத்தனை மணிக்கு வரணும் என்று இவர் கேட்டிருக்கிறார்.