சாமான் ரூமில் வளர்ந்த தக்காளி நாற்று

ஜனவரி 19

தக்காளி, கத்தரி, மிளகாய் விதைத்தேன். மூன்று சட்டி. பிறந்த ஊர் எழுமலையில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டு வளர்த்த கை இது, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சட்டிகளைச் சாமான் ரூமில் வைத்து ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டேன். வெயிலும் படக்கூடாது, பிறத்தியார் கண்ணும் படக்கூடாது. முளைப்பாரி நெட்டாக வந்தால் வீட்டுக்கு நல்லது. சாய்ந்தால்... அதை எழுதுவானேன்.

மகள் முத்துமீனாவுக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை தெரு முழுக்க லட்டு கொடுத்தவள் நான்தான். இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுச் சாதிகா, “மீனா வந்திருக்காளாக்கா?” என்றாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை அதிகம், அதனால் வந்திருக்கிறாள் என்று சமாளித்தேன்.

ஜனவரி 25

முளைத்துவிட்டது! தக்காளிதான் முதலில்.

ஜனவரி 30

என்ன வளர்த்தி! முளைப்பாரி மாதிரியே வெளிர் மஞ்சளில் நெடுநெடுவென்று நிற்கிறது. நிம்மதியாக இருக்கிறது.

டாக்டரம்மா மீனாவைக் காலை வெயிலில் மாடியில் நடக்கச் சொன்னார். மாடியில் நடந்தால் திருநகருக்கே தெரிந்துவிடாதா? திரையை இழுத்துவிட்டு ஹாலிலேயே நடக்கச் சொன்னேன். இரண்டு சுற்று நடந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 3

ஐயோ, எல்லாம் சாஞ்சு போச்சு. தக்காளி, கத்தரி, எல்லாம் ஈர மண்ணோட படுத்துக் கெடக்கு. நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? நான் என்ன தப்புப் பண்ணேன்? மீனாவுக்குத் தெரியக்கூடாது.

“வயித்துல அசையுதாடி?” என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். “எத்தன தடவைம்மா கேப்ப?” என்று எரிந்து விழுந்தாள். அசையுது என்று மட்டும் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 4

கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் சாமான் ரூமில் சட்டிகளைக் காணோம். மாடிக்கு ஓடினேன். நல்ல வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக, மண் நிரப்பிய க்ரோ பேக்கில் கழுத்தளவுக்குப் புதைத்துக்கொண்டிருந்தாள் மீனா.

“நீ தூக்கலாமா? யாராச்சும் பாத்தா என்னடி ஆகுறது?” என்று கத்திவிட்டேன்.

“ஏம்மா, முளைப்பாரிய எதுக்கு வளக்குறோம்? திருவிழா முடிஞ்சதும் தண்ணில கரைக்கத்தான? இது காய்க்கணும்மா. வெளிச்சத்தக் காட்டாம எப்பிடி நிக்கும்?”

அதோடு விட்டாளா? “என்னையும் அப்பிடித்தான் பூட்டி வச்சிருக்க” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

அப்போதுதான் பார்த்தேன், அடுத்த மாடியில் சாதிகா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மீனாவின் வயிற்றைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதித் துணியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

போச்சு. தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 8

பாதி நாற்று நிமிர்ந்துவிட்டது. பாதி கருகிவிட்டது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நல்லதா, கெட்டதா?

பிப்ரவரி 15

சாதிகா யாரிடமும் சொன்ன மாதிரி தெரியவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. அதுதான் மனதை அறுத்தது. இன்று அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

“மீனாவுக்கு ஆறாம் மாசம் சாதிகா. ரெண்டு தடவ கைநழுவிப் போச்சு. பயத்துலதான் சொல்லல.”

“புரியுதுக்கா. நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன். துஆ செய்றேன்க்கா.”

வீட்டுக்கு வந்ததும் மீனாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேனோ?

மார்ச் 28

கத்தரி பூத்திருக்கிறது. மீனா காலையில் மாடியில் நடக்கிறாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

மே 23

பனிக்குடம் உடைந்துவிட்டது. நாள் இன்னும் இருக்கிறதே! ஆட்டோ வந்துவிட்டது. அம்மா தாயே.

மே 28

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். பெண் குழந்தை. எடைதான் கொஞ்சம் குறைவு, அழுகை தெருவுக்கே கேட்கிறது. மீனா அசந்து தூங்குகிறாள்.

செடிகளின் நினைப்பு அப்புறம்தான் வந்தது. இந்தக் கத்திரி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் இல்லையென்றாலே தலை தொங்கிவிடும். சருகுதான் கிடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாடி ஏறினேன். ஒரு பை விடாமல் மண் ஈரமாக இருந்தது. தக்காளி நாலைந்து பழுத்துத் தொங்கியது. சாதிகா மாடியிலிருந்து ஒரு ஹோஸ் பைப் எங்கள் கைப்பிடிச்சுவர் மேல் கிடந்தது.

சாயங்காலம் வந்தாள். உள்ளே வரவில்லை, செருப்பைக் கூடக் கழற்றவில்லை. “மீனா நல்லாருக்காளாக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள். போன தடவை மாதிரியே, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கொஞ்சம் நில்லு சாதிகா” என்றேன். உள்ளே போய்த் துணியோடு பிள்ளையைத் தூக்கினேன். வாசல் வரைக்கும் வந்து அவள் கையில் கொடுத்தேன்.