சூசையின் எழுத்துப்பிழை

ஞாயிறு. என் மனைவி ஜெனி இறந்து நாற்பத்தொரு நாள்.

பூசை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தாளை நீட்டினாள். அவள் புருஷன் சூசை எழுதியது. ஜெனிக்கு மூச்சு முட்டிய அன்று, ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் எங்கள் சந்தின் வாயை மறித்து நின்றது சூசையின் லாரிதான். எடுக்கச் சொன்னேன். "சாப்பிட்டுட்டு வாரேம்ல" என்றான்.

"தம்பி, அவிய ஒங்க மொகத்தப் பாக்கவே பயப்படுதாவ. கிறிஸ்தவங்கதான நாம, பொறுத்துக்கிடக் கூடாதா?"

"அன்னைக்கு மீன்கொழம்பு நல்லா இருந்துச்சாக்கா?" என்றேன். அழுதுகொண்டே போய்விட்டாள்.

தாளில் ஒரே வரி. "ஆண்டவருக்காக என்னைப் பொருத்துக்கொள்ளவும்."

சிரிப்பு வந்தது. துறைமுகத்தில் கிரேனுக்கு மோட்டார் பொருத்துவது என் வேலை. இந்த ஆளை எங்கே பொருத்துவது?

ஜெனி தமிழ் டீச்சர். இருந்திருந்தால் வட்டம் போட்டிருப்பாள். அவள் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, 'ரு'வை அடித்து 'று' என்று நானே திருத்தினேன்.

திருத்தியிருக்கக் கூடாது. பிழையாக இருந்தவரை சிரிக்க முடிந்தது. இப்போது அந்த வரி சரியாக இருக்கிறது, பதில் கேட்கிறது.

கீழே 'மாட்டேன்' என்று எழுத வேண்டும். இந்த டைரியை எழுதுகிற அவள் பேனாவில் அது மட்டும் வரவில்லை. நாளை வேலைக்குப் போனால் அங்கே நீலப் பேனா இருக்கும்.